இல்லம் என்கிறார்கள், அங்கே இல்லாததே அதுதான்!

ஜவ்வாது மலையின்மேல் காவலூர் என்றோர் ஊர். காட்டுக்கு நடுவே, 1986ஆம் ஆண்டு முதல், 2.3 மீட்டர் அகலக் கண்ணாடியைக் கண்ணாகக் கொண்ட தொலைநோக்கி ஒன்று அங்கே இரவெல்லாம் விழித்திருக்கிறது. அதே வளாகத்திலிருந்துதான் 1988இல், அதுவரை எவர் கண்ணிலும் படாத குறுங்கோள் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு நம் கணித மேதை இராமானுஜன் பெயரையும் சூட்டினர். பெருமைதான், மறுப்பார் எவர்? கோடிக்கணக்கான கல் தொலைவில், இருட்டில் உருண்டு கொண்டிருக்கும் பாறையையே கண்டுவிட்டோம். ஆனால், அந்தத் தொலைநோக்கி நிற்கும் அதே மலையில், கூப்பிடு தொலைவுக் குடிசை ஒன்றில், பாயோடு பாயாகச் சுருண்டு கிடக்கிறாளே ஒரு கிழவி, அவளைக் காண மட்டும் ஆட்சியாளர் கையில் கண்ணாடி அகப்படவில்லை!

இன்னொன்றும் கேளுங்கள், தோழர்களே! அதே மலையில், கீழ்ச்செப்பிளி பக்கம் போனால் கல்திட்டைகளைக் காணலாம். பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே பாறையொன்றைக் கூரையாக மூடி, மாண்டுபோன தம் முன்னோர்க்காக ஈராயிரம் ஆண்டுகட்கும் முன்னர் அந்நாளைய மக்கள் எழுப்பிய கல் வீடுகள் அவை. இரும்பு அப்போதுதான் கைக்கு வந்திருந்த காலம். பாரந்தூக்கி இல்லை, பொறியாளர் இல்லை, ஒப்பந்தக்காரரும் இல்லை. இருந்தும், செத்தவர்க்கு ஒரு வீடு வேண்டும் என்று நினைத்தார்கள். வீட்டின் வடிவிலேயே கட்டினார்கள். இன்றோ, உயிரோடிருக்கும் முதியவர்க்குக் கட்டுகிறார்கள். அதன் வடிவு எப்படியிருக்கிறது? அதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

நான் நாடகக்காரன். கட்டடக்கலை படித்தவனல்லன், சொல்லப்போனால் எதையும் படித்து முடித்தவனல்லன். கல்லூரியை இரண்டாம் ஆண்டிலேயே விட்டு வெளியேறியவன். ஆனால் ஒன்று தெரியும் எனக்கு. மேடையில் ஒரு திண்ணையை வைத்து, அதன் பக்கத்தில் ஒரு குடத்தை வைத்தால், வசனம் ஒன்றும் பேசாமலே, 'இது வீடு' என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் கண்டுகொள்வான். வரிசையாக நான்கு இரும்புக் கட்டில்களைப் போட்டு, தலைமாட்டில் எண்களை எழுதிவிட்டால், அவனே சொல்வான்: 'மருத்துவமனை, இல்லாவிட்டால் சிறைச்சாலை.' பொருள்கள் பேசும், தோழர்களே! சுவர் பேசும், கட்டில் பேசும், கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதும் பேசும்.

அவை பேசியதை நான் கேட்ட கதை இது. சில ஆண்டுகட்கு முன், சமவெளியில் ஓர் ஊரில் முதியோர் இல்லம் ஒன்றின் ஆண்டுவிழா. நாடகம் போட எங்கள் குழுவை அழைத்திருந்தார்கள். ஒப்பனைக்கு ஒதுக்கிய அறைக்குப் போகும் வழியில் நீண்ட கூடம், இருபுறமும் இரும்புக் கட்டில், சுவரில் எண். பதினேழாம் எண் கட்டிலில் ஓர் ஆயா. மெலிந்த உடல், காதில் துளை மட்டும், அதில் அணி இல்லை. அருகே வந்த என் கையைப் பற்றிக்கொண்டார்.

"தம்பி, நீ மேலேருந்தா வர்றே?"

எதற்கு மேல் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் விளக்கினார்: ஜவ்வாது மலையைச் சொல்கிறார், வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கேட்கிறார்.

"மலையிலே மழை பேஞ்சுதா, தம்பி?"

மலைப்பக்கம் நான் போய் ஓராண்டு ஆகியிருந்தது. ஆயினும், "பேஞ்சுது, ஆயா" என்றேன். முகம் மலர்ந்தது. "அப்போ சாமை வெதைச்சிருப்பாங்க" என்றார். அவ்வளவுதான். கையை விட்டுவிட்டார்.

குறை கூறுவதற்காக அந்த இல்லத்தை நான் குறிப்பிடவில்லை, பெயரையும் சொல்லமாட்டேன். சோறு போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், தரையைத் துடைத்தார்கள். மேற்பார்த்த அம்மையார் கனிவானவர்தாம். ஆனால் ஆயாவின் தகரப்பெட்டி கட்டிலடியில் இருந்தது. அதன் சாவி அலுவலக அறையின் ஆணியில் தொங்கியது. 'தொலைத்துவிடுவார்கள்' என்பது காரணம். நாலரைக்குத் தேநீர், ஏழுக்குச் சோறு, எட்டுக்கு விளக்கணைப்பு. விளக்கு அணைந்தபின் உறக்கம் வராதவர் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளில் எழுதியிருக்கவில்லை. அங்கிருந்த அறுபது பேரில் ஒருவர்கூட, அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டதில்லை. அறுபது, எழுபது ஆண்டுகள் அடுப்பை ஆண்டவர்கள்!

கல்லூரி விடுதியில் நானும் இருந்தவன்தான். அங்கும் மணியடித்தால் சோறு, மணியடித்தால் விளக்கணைப்பு. ஆனால், மூன்றாண்டில் முடியும் என்ற நினைப்பு மாணவனுக்கு உண்டு. பொறுக்க முடியாதவன் ஓடிவரவும் செய்யலாம். நான் ஓடி வந்தேன். ஆயா எங்கே ஓடுவார்? விடுதி என்பது விட்டுப்போகும் இடம். வீடு என்பது திரும்பிவரும் இடம். விட்டுப்போக முடியாதவரை விடுதியில் வைத்துவிட்டு, வாசலில் 'இல்லம்' என்று பலகை மாட்டினால் போதுமா?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அதன் பத்தொன்பதாம் பிரிவு, ஆதரவற்ற முதியோர்க்கு மாநில அரசு இல்லங்களை அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்'! குடிமகன் வரி கட்டவேண்டும், காட்டில் விறகு பொறுக்கினால் தண்டம் கட்டவேண்டும், அங்கெல்லாம் 'வேண்டும்'. கிழவிக்கு வீடு என்று வரும்போது மட்டும் 'லாம்'. போகட்டும். மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, குறைந்தது 150 பேருக்கு இடம் தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த 150 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதிகாரிகள் சிலர் என்ன கற்பனை செய்கிறார்கள்? மாவட்டத் தலைநகரில் மாடிக்கு மேல் மாடி வைத்த ஒரே கட்டடம். அதில் நூற்றைம்பது கட்டில். போளூர் வழியாகவும் திருப்பத்தூர் வழியாகவும் மலையிலிருந்து கிழவர்களை ஊர்தியில் ஏற்றிக்கொண்டுவந்து அதில் அடுக்குவது. கொள்முதல் நெல்லைக் கிடங்கில் அடுக்குவதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

சட்டத்தின் சொற்களைச் சற்றே நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும். 'அத்தகைய இல்லங்களில்' 150 பேர் என்று பன்மையில் பேசுகிறது அது. ஒரே சுவருக்குள், ஒரே கூரையின் கீழ் என்று சொல்லவில்லை. பத்துப் பேர் வாழும் பதினைந்து வீடுகள்! கணக்குச் சரிதானே? பெருக்கல் வாய்பாட்டுக்குக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை.

அதே சட்டம், பிள்ளைகள் காப்பாற்றாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போ, மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத் தரலாம் என்கிறது. நகரத்து வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்த தந்தைக்கு அது பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் ஜவ்வாது மலையின் தாய் எந்த மகன்மீது வழக்குத் தொடுப்பாள்? 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக்கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது. மாண்டவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரும் அவர்களில் உண்டு. பிணமாக வந்த மகன்மீதா பராமரிப்பு மனு? உயிரோடிருக்கும் பிள்ளைகளும் மலையில் இல்லை. காப்பித் தோட்டத்துக்கும் செங்கற்சூளைக்கும் பின்னலாடை ஆலைக்கும் மலையை விட்டு இறங்கிப் போகிறார்கள். மானாவாரிச் சாமையும் கேழ்வரகும் ஆண்டு முழுதும் வயிற்றை நிரப்பவில்லை, அதனால் போகிறார்கள். கொடுமைக்கார மகன், கண்ணீர் வடிக்கும் தாய் என்று நாடகத்தில் நானும் எழுதியிருக்கிறேன், கைதட்டல் கிடைக்கும். மலையில் நடப்பது அந்த நாடகம் அன்று. அங்கே மகனும் அழுதுகொண்டேதான் போகிறான்.

முதியோர் ஓய்வூதியம் கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள். 1962ஆம் ஆண்டு மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது இம்மாநிலத்தில். 2023இல் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. வரவேற்கிறோம். டில்லியின் பங்கு? எண்பது வயதுக்குட்பட்ட முதியவருக்கு 2007இல் மாதம் 200 ரூபாய். 2023 வந்தபோதும் அதே 200! அரிசி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது, நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளம் ஏறியது. கிழவியின் பங்கு மட்டும் ஏணியடியிலேயே நின்றது. அதுவும், மண்வெட்டி பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்றுக்கொண்டால்தான்! சரி, பணம் வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். எழுந்து நடக்க முடியாதவர்க்கு அந்தப் பணம் தண்ணீர் மொண்டு கொடுக்குமா? இரவில் கழிப்பிடத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுமா? பராமரிப்பு என்பது ஆள். அந்த ஆள் வந்து நிற்கும் இடம்.

தமிழ்நாட்டில் முதியோர் தொகை வளர்ந்துகொண்டே போகிறது. 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2021க்கான மதிப்பீட்டில் 13.6. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். நீண்ட நாள் வாழச் செய்துவிட்டோம். எங்கே வாழ்வது என்று சொல்லவில்லை.

இங்கேதான் ஒரு கூட்டம் துள்ளி எழும். 'முதியோர் இல்லமா? அது மேனாட்டு நஞ்சு! அன்னையும் பிதாவும் நமக்குத் தெய்வமல்லவா? தமிழன் பண்பாடு என்னாவது?' இப்படி முழங்குவார்கள். அந்தப் பண்பாட்டுக் காவலர்களைக் கேட்கிறேன்: 'தலைக்கூத்தல்' என்ற சொல் எந்த மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்தது? படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிரக் குளிப்பாட்டி, இளநீரைப் புகட்டிப் புகட்டிச் சாகடிக்கும் வழக்கம், தென்மாவட்டங்களில் நடப்பதாக 2010இல் ஏடுகளில் வந்ததே, மறந்துவிட்டதா? அதைச் செய்தவர்கள் எல்லாம் அரக்கர்களா? அல்லர். கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும். போய்விட்டால் படுத்திருப்பவரைப் பார்க்க ஆளில்லை. அந்த இக்கட்டில் மாட்டியவர்கள்தாம் பலர். துணைக்கு வர ஒரு கை இருந்திருந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்திருப்பார்களா? பண்பாடு பேசுவோரில் எத்தனை பேர் இரவில் எழுந்து ஒரு கிழவரின் துணியை மாற்றியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் மேடை காலியாகிவிடும்.

மேனாடு மேனாடு என்கிறார்களே, மேனாட்டுக் கதையைத்தான் பார்ப்போம். 1834இல் இங்கிலாந்தில் ஏழையர் சட்டம் வந்தது. பெரிய பெரிய ஏழைக்கூடங்கள் எழுந்தன. கணவனை ஒரு பக்கம், மனைவியை ஒரு பக்கம் பிரித்தனர், சீருடை மாட்டினர். செலவு குறைய வேண்டும், உள்ளே வரவே எவனும் அஞ்ச வேண்டும் என்பது கொள்கை. நூறாண்டுகட்கும் மேலாக முதுமையை நினைத்தாலே அந்நாட்டு ஏழைக்கு நடுக்கம்! இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொழிற்கட்சி ஆட்சியில், சுரங்கத் தொழிலாளியாக இருந்து அமைச்சரான அன்யூரின் பெவான் எழுந்தார். இனி ஏழைக்கூடமில்லை, இருபத்தைந்து, முப்பது பேர் வாழும் சிறு இல்லங்கள், அங்கே முதியவர் கைதியல்லர், விருந்தினர் என்றார். 1948இல் சட்டமும் வந்தது. ஆனால், பத்தாண்டு கழித்துப் பீட்டர் டவுன்சென்ட் என்னும் அறிஞர் 173 இல்லங்களை நேரில் போய்ப் பார்த்து 1962இல் எழுதிய நூலில் என்ன கண்டார்? பெயர்ப்பலகைதான் மாறியிருந்தது. பழைய ஏழைக்கூடத்துச் சுவர்களுக்குள்ளேயே ஆயிரமாயிரம் முதியோர், வரிசைக் கட்டிலில், செய்வதற்கு ஒன்றுமின்றி, சாவை எதிர்பார்த்துக் கிடந்தனர். சட்டம் மாறிற்று, சுவர் மாறவில்லை. அந்தச் சுவரைத்தான் இப்போது நாம் புதிதாகச் செங்கல் வாங்கிக் கட்டத் துடிக்கிறோம். அவர்கள் வெட்கப்பட்டு இடித்த பிறகு!

டென்மார்க் நாட்டான் 1987இல் சட்டமியற்றி, பழைய பாணி முதியோர் விடுதிகளை இனிக் கட்டுவதில்லை என்று முடிவெடுத்தான். அவரவர்க்குக் கதவும் சமையலிடமும் உடைய சிறு வீடுகளைக் கட்டினான். அமெரிக்காவில் பில் தாமஸ் என்னும் மருத்துவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தம் பொறுப்பிலிருந்த விடுதிக்குள் நாய், பூனை, நூறு சிறுகிளிகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து விட்டார். பேசாமலிருந்த முதியவர்கள் கிளிக்குத் தீனி வைக்க எழுந்தார்கள்! அதே மருத்துவரின் திட்டப்படி, 2003இல் மிசிசிப்பி மாநிலத்து டுபெலோ நகரில் பத்துப் பேர்க்கு ஒரு வீடாகக் கட்டினர்: ஒவ்வொருவர்க்கும் தனியறை, நடுவே ஒரே அடுப்படி, எல்லாரும் சூழ உட்காரும் ஒரே உணவு மேசை. நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரருகே, நினைவிழந்த முதியோர்க்காகத் தெருவும் கடையும் பூங்காவுமாக ஒரு சிற்றூரையே 2009இல் அமைத்துவிட்டார்கள். ஆறேழு பேர்க்கு ஒரு வீடு.

அவ்வளவு தூரம் போவானேன்? கடலூரில் பாருங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஹெல்ப்ஏஜ் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம் அம்மாவட்டத்தில் அமைத்த தாமரைக்குளம் முதியோர் சிற்றூரில், ஏறத்தாழ நூறு முதியோர் சிறு சிறு குடில்களில் வாழ வகை செய்திருக்கிறார்கள். தோட்டம் போடுகிறார்கள், மாடு வளர்க்கிறார்கள். கடலோரத்தில் முடிந்தது மலையோரத்தில் முடியாதா?

'செலவு ஆகுமே!' இது கடைசி அம்பு. ஒரே கட்டடமானால் ஒரே சமையற்கட்டு, ஒரே காவலாளி, ஒரே கணக்கர்; மிச்சம் என்பார்கள். மிச்சம்தான், யாருக்கு? நூற்றைம்பது பேர் கட்டடத்துக்கு மாடி வேண்டும், மாடிக்கு மின்தூக்கி, அது பழுதானால் மேல்மாடியில் இருப்பவர் மாதக்கணக்கில் மண்ணை மிதிப்பதில்லை. மேலாளர் வேண்டும், அவருக்குத் துணை மேலாளர் வேண்டும், இருவரையும் மேற்பார்க்க ஒருவர் வேண்டும். உறவினர் சமவெளிக்கு இறங்கிவர ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக்கும் கொடுத்துவிட்டு வரவேண்டும். இரண்டு முறை வருவார்கள், மூன்றாம் முறை வரமாட்டார்கள். அந்தச் செலவை எந்தத் தணிக்கையாளர் குறிக்கிறார்? ஒரே இடத்தில் குவித்தால்தான் மருத்துவர் பார்க்க முடியும் என்பதும் பழங்கதை. வீடு தேடிச் சென்று மருந்தும் உடற்பயிற்சியும் நோய்த்தணிப்பும் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021இல் இதே மாநிலம் தொடங்கிக் காட்டியது. மருத்துவர் மக்களைத் தேடிப் போகலாமெனில், மக்களை மருத்துவரிடம் மூட்டைகட்டி அனுப்புவானேன்?

சரி, எப்படித்தான் கட்டச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான் காட்சி அமைப்பவன், திரை விலகட்டும்.

ஜமுனாமரத்தூரை ஒட்டி, நடந்துபோகும் தொலைவில் சுகாதார நிலையமும் கடையும் பள்ளியும் உள்ள ஓர் இடம். ஊருக்கு வெளியே அல்ல, ஊருக்குள்! மதிற்சுவர் இல்லை; ஆடு மேயாதபடி முள்வேலி போதும், மலையில் எல்லா வீட்டுக்கும் இருப்பது போல. தரைமட்ட வீடு. வாசலில் படி கிடையாது, சாய்தளம். வாசலை ஒட்டி நீளத் திண்ணை. ஆனால் பழைய தாழ்வான திண்ணையன்று, முழங்கால் வலிக்காமல் உட்கார்ந்து எழும் உயரம், பிடித்தெழ ஒரு மரக்கம்பி. திண்ணையில் உட்கார்ந்தால் பாதை தெரியவேண்டும். சந்தைக்குப் போகிறவர் வருகிறவர், பள்ளி விட்டோடும் பிள்ளைகள், சண்டையிட்டுக்கொண்டு போகும் கணவன் மனைவி: இவற்றைப் பார்ப்பதுதான் ஐயா, முதியவரின் செய்தித்தாள்!

நடுவில் அடுப்படி. அதைச் சுற்றித்தான் வீடு. புகை போகும் வழியுடன் அடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய, புளி உரிக்க இடம். சமைப்பவர் சமைக்கட்டும், உப்புப் போதுமா என்று சொல்லும் உரிமை ஆயாவுக்கு இருக்கட்டும். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும் உணவுப் பட்டியலில் ஏறவேண்டும். மலைநாக்கு அறியாத ஒரு சாம்பார் சாதத்தை நாள்தோறும் ஊற்றிவிட்டு, 'சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று ஏட்டில் குறிப்பது என்ன நீதி?

அறை அவரவர்க்குத் தனி. கணவனும் மனைவியும் என்றால் இருவர்க்கும் சேர்ந்து ஒன்று. அவர்களைப் பிரிக்க எவர்க்கும் உரிமையில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம், பெட்டியின் சாவி அவர் இடுப்பில். சன்னல் தாழ்ந்திருக்கவேண்டும், படுத்தபடியே மலைமுகட்டையும் மழையையும் பார்க்கும் அளவு. மழை பெய்ததா என்று ஊர்பேர் தெரியாத நாடகக்காரனைக் கேட்கும் நிலை அங்கே வரக்கூடாது. கழிப்பறை அறையோடு ஒட்டி. வழுக்காத தரை, சுவரில் பிடிகம்பி, இரவில் சிறு விளக்கு. மார்கழிக் குளிர் மலையில் எலும்பைக் குடையும். எனவே சிமெண்டுப் பலகைக் கூரை போட்டுக் கணக்கை முடித்துவிடக் கூடாது. பின்புறம் கோழிக்கூடு, பத்துச் செடி அவரை, ஒரு பலாமரம். பத்துப் பேரில் ஒருவராவது, படுக்கும்வரை கோழியைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

வேலைக்கு ஆள்? மலையிலேயே இருக்கிறார்கள். பின்னலாடை ஆலைக்கும் தோட்டத்துக்கும் இறங்கிப் போகிறார்களே, அந்தப் பெண்களுக்கு ஊரிலேயே நல்ல சம்பளம் கொடுத்து, படுத்தவரைப் புரட்டவும் புண் வராமல் காக்கவும் விழுந்தவரைத் தூக்கவும் முறையாகப் பயிற்சி கொடுங்கள். 'தொண்டு' என்று சொல்லி அரைச் சம்பளம் கொடுக்கும் தந்திரம் வேண்டாம். ஆயாவின் பேச்சைப் புரிந்துகொள்ளும் பெண், அவள் எந்த ஊர், எந்த வகையறா, எந்தத் திருவிழாவில் ஆடினாள் என்று அறிந்த பெண் பக்கத்தில் இருந்தால் பாதி நோய் குறையும். ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் பஞ்சாயத்தாரும் வாரம் ஒருமுறை அந்தத் திண்ணைக்கு வந்து உட்காரட்டும். வழக்குத் தீர்க்க முதியவர் சொல் தேவைப்படும் சமூகம்தானே அது!

சங்ககாலத்துப் பிசிராந்தையாரைப் பற்றிப் புறநானூற்றில் படித்திருப்பீர்கள். ஆண்டு பல ஆகியும் நரை இல்லையே என்று கேட்டவர்க்கு அவர் என்ன காரணம் சொன்னார்? மூலிகையா, லேகியமா? மனைவியும் மக்களும், ஏவலரும், நல்ல வேந்தனும், ஊரில் வாழும் சான்றோரும் என்றார். அவர் சொன்னதில் பாதி வீடு, பாதி ஊர். தொடித்தலை விழுத்தண்டினார் என்று இன்னொருவர். சொந்தப் பெயரே நமக்குத் தெரியாது. ஊன்றிய தடியின் பெயரால் வாழ்கிறார். இளமையில் மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து, அடி மணலை அள்ளிவந்து காட்டிய நாளை எண்ணி ஏங்கிய முதியவர் அவர். நல்லவேளை, அவரை எவரும் பதினேழாம் எண் என்று அழைக்கவில்லை. அழைத்திருந்தால் அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்குமா?

நிலம் இல்லை, எல்லாம் காட்டிலாகாவுக்குச் சொந்தம் என்று ஒரு முட்டுக்கட்டை வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஊர் மக்களின் தேவைக்காக ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கிராமசபையின் பரிந்துரையின் பேரில் ஒதுக்க வழி வைத்திருக்கிறது. பதின்மூன்று வகைப் பணிகளை வரிசையாகச் சொல்கிறது: பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர், சாலை என்று. பிறந்த குழந்தைக்கு அங்கன்வாடி உண்டு அந்தப் பட்டியலில். வாழ்ந்து முடித்த கிழவிக்கு ஒரு திண்ணை இல்லை! பட்டியல் போட்டவர்களுக்குப் பாட்டியே இருந்ததில்லை போலும். ஆனால் 'சமுதாயக் கூடம்' என்று ஒரு சொல் அதில் இருக்கிறது. மனமிருந்தால் அந்தச் சொல்லின் நிழலில் முதல் வீட்டுக்கு இடம் தேடலாம். கூடவே, பதினான்காவதாக முதியோர் வீட்டையும் சேர்க்கச் சொல்லி டில்லிக்கு எழுதலாம். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்கலாம். கேட்கவேண்டும்.

ஆண்டுதோறும் ஜமுனாமரத்தூரில் கோடைவிழா நடக்கிறது. பந்தல் போடுகிறார்கள், மலர்க்காட்சி வைக்கிறார்கள், அமைச்சர் வருகிறார், அதிகாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த கோடைவிழாவுக்குள் ஒரு வீடு. பதினைந்து வேண்டாம், முதலில் ஒன்று. பத்துப் பேர். கட்டும் முன் வரைபடத்தைச் சென்னையில் ஒப்புதல் வாங்கவேண்டாம். மலைமீது கொண்டுபோய், அந்தப் பத்துக் கிழவன் கிழவிகளின் முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 'அடுப்பு இங்கேயா, அங்கேயா?' என்று கேளுங்கள். சொல்வார்கள். அவர்கள் கட்டி வாழ்ந்த வீடுகளில் எதற்கும் பொறியாளர் வந்ததில்லை.

சென்ற மாதம் மீண்டும் அந்தச் சமவெளி ஊர்ப்பக்கம் போக நேர்ந்தது, இல்லத்துக்குள் எட்டிப்பார்த்தேன். ஆயா இருக்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. மழை பெய்ததா என்று கேட்டார். இம்முறை உண்மையையே சொல்ல முடிந்தது. இரண்டு நாள் முன்புதான் மலையிலிருந்து நனைந்துகொண்டு இறங்கியிருந்தேன். பெட்டி கட்டிலடியில் இருந்தது. சாவி அந்த ஆணியில்தான் தொங்கியது.